நெல்லிக்குப்பம் முதல் குடிகாடு வரை: கடலூர் ஆலைகளும் தொழிலாளரின் புற்றுநோய் அபாயமும்

கடலூர் வட்டாரத்தில் ஆலைத் தொழில் தொடங்கிய இடம் நெல்லிக்குப்பம். கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் வழியில் உள்ள இவ்வூரில் 1842இல் பாரி கம்பெனி சர்க்கரை ஆலை அமைத்தது. இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று இன்றும் அதைச் சொல்வார்கள். 1897இல் உருவான ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ்’ நிறுவனத்தின் முதலெழுத்துகளே இன்றைய இ.ஐ.டி. பாரி என்ற பெயரில் நிற்கின்றன. அங்கிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தள்ளி, கடலூர்–சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே கிடக்கிறது சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, சங்கொலிக்குப்பம், காரைக்காடு, செம்மங்குப்பம் ஆகிய ஊர்கள் அதை ஒட்டியும் சூழ்ந்தும் இருக்கின்றன. இரண்டு ஆலைப் பகுதிகளுக்கும் இடையே 140 ஆண்டு வயது வித்தியாசம். ஆலைப் பொருள்கள் தொழிலாளியின் உடம்பில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலகம் கண்டுபிடித்ததில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் நடந்தது. ஆகவே சிப்காட்டின் முதல் புகைக்கூண்டு எழுந்தபோது, அங்கே கையாளப்படவிருந்த பொருள்கள் பலவற்றைப் பற்றி மருத்துவ நூல்களில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

நெல்லிக்குப்பத்துக் காலத்தில் தொழிலாளி சுவாசித்தவை எளிய பொருள்கள். கரும்புச் சாற்றில் சுண்ணாம்புப் பால் சேர்த்து, கந்தகத்தை எரித்து வரும் புகையை அதனுள் செலுத்தி அழுக்கைப் பிரிப்பது இந்தியச் சர்க்கரை ஆலைகளில் பரவலான முறை. கந்தக அடுப்பருகே நிற்பவருக்குக் கண் எரியும், தொண்டை கமறும். ஆஸ்துமா உள்ளவர் அங்கே நிற்கவே முடியாது. கந்தக டை ஆக்சைடு தனியே புற்றுநோய் உண்டாக்குவதற்குப் போதிய சான்று இல்லை. சக்கைக் குவியலிலிருந்து வரும் தூசு வேறு வகை. ஈரமாக அடுக்கிவைத்த சக்கையில் பூஞ்சணம் போல வளரும் நுண்ணுயிர்கள் காய்ந்து தூசாகப் பறந்து நுரையீரலில் இறங்கினால் காய்ச்சல், இருமல், மூச்சிறைப்பு என்று ஒரு நோய் வருகிறது. ‘பகாசோசிஸ்’ எனப்படும் இந்த நோய், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பெயர் குறிப்பிட்டு இடம்பெற்றிருந்தது. சர்க்கரை ஆலையில் புற்றுநோய்க்கான வாய்ப்பு கரும்பிலிருந்து வரவில்லை. கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் வெப்பம் தாங்கச் சுற்றிய கல்நாரிலிருந்து வந்தது. பழைய நீராவி ஆலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்கம் அது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் சர்க்கரை ஆலைத் தொழிலாளரிடையே கூடுதலாக இருப்பதை 1980களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கொதிகலன் பழுதுபார்க்கும்போது பழைய உறையை உரித்தெடுத்தவர்களே அதிக அபாயத்தில் இருந்தவர்கள்.

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குச் சர்க்கரையோடு இன்னொரு ஏற்றுமதிச் சரக்கும் இருந்தது: அவுரி. சென்னை மாகாணத்தில் நீலச் சாயம் மிகுதியாக விளைந்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று. பாரி கம்பெனியை 1788இல் தொடங்கிய தாமஸ் பாரிக்கும் அவுரி வணிகம் இருந்தது. 1824இல் பரங்கிப்பேட்டைப் பக்கம் வந்த இடத்தில் காலராவால் இறந்தார். அவுரித் தொட்டியில் கூலியாட்கள் இடுப்பளவு நீரில் இறங்கி நின்று, மட்டைகளால் மணிக்கணக்கில் அடித்துக் கலக்குவார்கள். நாற்றமும் தோல் புண்ணும் அந்த வேலையோடு சேர்ந்தவை. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் கரித்தாரிலிருந்து முதல் செயற்கைச் சாயத்தை எடுத்தார். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள், உலகப் போர்க் காலத்தின் சிறு மூச்சைத் தவிர்த்தால், தென்னாற்காட்டு அவுரித் தொட்டிகள் வறண்டன. மாவட்டத்தின் பொருளாதார வரலாற்றில் இது ஒரு நட்டக் கணக்காகவே எழுதப்படுகிறது. அந்தச் செயற்கைச் சாயத்தைச் செய்தவர்களின் உடம்பில் நேர்ந்தது மருத்துவ வரலாற்றில் தனியே பதிவாகியிருக்கிறது. கடலூருக்கு அது பின்னால் வந்து சேரப்போகிற கதை.

தொழிலால் வரும் புற்றுநோயை முதலில் எழுதிவைத்தவர் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். புகைபோக்கிக்குள் ஏறிச் சுத்தம் செய்த சிறுவர்கள் பெரியவர்களானதும் விரைப்பையில் புற்று வருவதை 1775இல் அவர் கரிப்பிசுக்கோடு தொடர்புபடுத்தினார். ரசாயன ஆலையின் முறை 1895இல் வந்தது. பிராங்க்பர்ட் மருத்துவர் லுட்விக் ரேன், மெஜந்தா சாயம் செய்யும் ஆலையில் 45 பேரில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி இருப்பதைத் தெரிவித்தார். அது பொதுவாக அரிதான நோய். ஒரே கொட்டகையில் மூன்று பேருக்கு வருவது தற்செயல் ஆக முடியாது. 1921இல், தொடங்கி இரண்டே ஆண்டான உலகத் தொழிலாளர் நிறுவனம் அனிலின் ஆலைத் தொழிலாளரின் சிறுநீர்ப்பைப் புற்று பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. 1930களில் அமெரிக்காவில் வில்ஹெல்ம் ஹியூப்பர் நாய்களுக்கு இரண்டு-நாஃப்தைலமின் கொடுத்து அதே புற்றை உண்டாக்கிக் காட்டினார். 1954இல் பிரிட்டனில் கேஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சாயத் தொழிற்சாலைகளின் பணிப் பதிவேடுகளையும் இறப்புச் சான்றுகளையும் ஒப்பிட்டார்கள். அந்த வேதிப்பொருளை வடித்தெடுக்கும் வேலையில் நீண்டகாலம் இருந்தவர்களில் பெரும்பாலோரை நோய் பிடித்திருந்தது.

கேஸ் குழுவின் ஆய்வு கடலூர்க் கதைக்கு முக்கியம். ஆலையில் யார், எந்தப் பிரிவில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை செய்தார் என்ற பழைய பேரேடுகள் பத்திரமாக இருந்ததால்தான் அந்த ஆய்வே சாத்தியமானது. இந்த வகைப் புற்று வேலைக்குச் சேர்ந்த மறுவருடம் வருவதில்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு, சில வேளை நாற்பது ஆண்டு உள்ளேயே கிடந்து பிறகு தலைகாட்டும். அப்போது தொழிலாளி வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். பேரேடு இல்லாவிட்டால் நோய் இருக்கும், காரணம் காணாமல் போய்விடும்.

பிரிட்டன் 1967இல் சட்ட விதி கொண்டுவந்து இரண்டு-நாஃப்தைலமின், பென்சிடின் போன்றவற்றின் தயாரிப்பைத் தடுத்தது. இந்தியாவில் பென்சிடின் அடிப்படையிலான 42 சாயங்களைக் கையாள்வதற்கான தடை 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1997இல் மேலும் 70 அசோ சாயங்கள் சேர்ந்தன. இந்த இரண்டாவது தடைக்குப் பின்னணியில் ஜெர்மனி இருந்தது. தன் குடிமக்களின் தோலில் படும் துணியில் அத்தகைய சாயம் இருக்கக் கூடாது என்று அந்நாடு 1990களின் நடுவில் விதித்தது. ஏற்றுமதி நின்றுவிடும் என்ற கவலை இங்கே விதியை விரைவுபடுத்தியது. துணி உடுத்துகிறவரை முன்னிட்டு வந்த தடை, சாயம் கிண்டுகிறவரையும் காப்பாற்றியது. தேவை எந்த அளவுக்கு இருந்தது என்பதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: அகமதாபாத்தில் பென்சிடினோடு வேலை செய்தவர்களின் சிறுநீரில் கழிந்துவரும் சிறுநீர்ப்பைச் செல்களைச் சோதித்தபோது, மரபணுப் பொருளோடு அந்த வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயத்துக்கு வெளியேயும் இதே போக்குதான். பென்சீன் இரத்தப் புற்றுக்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெரிந்தது. 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், பிவிசி ஆலை மருத்துவர் ஒருவர் தம் ஆலைத் தொழிலாளர் மூவர் கல்லீரலில் ஆஞ்சியோசர்க்கோமா என்ற மிக அரிய புற்றால் இறந்ததைக் கண்டறிந்தார். வினைல் குளோரைடு வாயுதான் காரணம் என்பது சில மாதங்களில் உறுதியாயிற்று. அடுத்த ஆண்டே அங்கே அனுமதி அளவு 1 பிபிஎம் ஆகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மேட்டூரில் 1960களிலிருந்து பிவிசி தயாராகிறது. கடலூர் சிப்காட்டின் இரண்டாம் பகுதியில் 2009இல் பெரிய பிவிசி ஆலை ஒன்று தொடங்கியது. அதற்கு வேண்டிய வினைல் குளோரைடு கப்பலில் வந்து, கடலோர முனையத்திலிருந்து குழாய் வழியாக ஆலைக்குப் போகிறது. 1974க்கு முந்தைய ஆலைகளில் பாலிமர் செய்யும் கலத்துக்குள் ஆள் இறங்கிச் சுவரில் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பார். அந்த வேலையே அன்றைய சாவுகளுக்கு முக்கியக் காரணம். மூடிய அமைப்புகள் வந்தபின் உலகெங்கும் அது பெருமளவு குறைந்தது. தொழில்நுட்பம் மாறினால் அபாயம் உண்மையிலேயே குறையும் என்பதற்கு இது நல்ல சான்று.

சிப்காட் நிறுவனத்தைத் தமிழ்நாடு அரசு 1971இல் தொடங்கியது. கடலூர்த் தொழிற்பேட்டை 1980களின் தொடக்கத்தில் உருவானது. ரயில், நெடுஞ்சாலை, பழைய துறைமுகம், நிலத்தடி நீர், கழிவை வாங்கிக்கொள்ள உப்பனாறும் கடலும் என்று ரசாயனத் தொழிலுக்கு வேண்டியவை எல்லாம் அங்கே ஒரே இடத்தில் அமைந்தன. சுற்றிலும் தலித் மக்களும் மீனவர்களும் சிறு விவசாயிகளும் வாழும் ஊர்கள். எதிர்த்துக் கேட்கும் வலு குறைவு என்பதையும் காரணங்களோடு சேர்த்தே எண்ண வேண்டும். மருந்து மூலப்பொருள், பூச்சிக்கொல்லி, சாயமும் சாய இடைப்பொருளும், பெராக்சைடு, எலும்பிலிருந்து எடுக்கும் ஓசீன், வண்ணப்பூச்சுக்கான வேதிப்பொருள் என்று பலவகை ஆலைகள் வந்தன. வளர்ந்த நாடுகளில் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளும் கழிவு விதிகளும் இறுகிய பிறகு இடைப்பொருள் தயாரிப்பு ஆசியாவுக்கு இடம்பெயர்ந்த காலம் அது. அவுரியை அழித்த செயற்கைச் சாயத் தொழில், நூறு ஆண்டுக்குள் அதே மாவட்டத்தில் வேலை தரும் ஆலையாக வந்து நின்றது.

இத்தகைய ஆலையில் நிறுவனத்தின் நேரடி ஊழியர் பெரும்பாலும் கண்ட்ரோல் ரூமில் அளவுமானிகளைப் பார்க்கிறார். பொருளோடு உடம்பு உரசும் வேலைகள் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு. ரியாக்டரின் மேன்ஹோல் மூடியைத் திறந்து மூட்டையைப் பிரித்துப் பொடியைக் கொட்டுவது; கொட்டும்போது உள்ளிருக்கும் கரைப்பானின் ஆவி முகத்தில் அடிக்கும். சென்ட்ரிஃபியூஜில் பிழிந்த ஈரப் பொருளைக் கரண்டியால் அள்ளி ட்ரையர் தட்டுகளில் பரப்புவது. காலி டிரம்களைக் கழுவி அடுக்குவது. கழிவுத் தொட்டியின் அடியில் தங்கிய சேற்றை வாளியில் மொண்டு எடுப்பது. மூக்கு வழியாக மட்டும் ஆபத்து வருவதாக நினைப்பது தவறு. அனிலின் வகைப் பொருள்கள் தோல் வழியாகவே நன்றாக ஊறி இறங்கும். நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போனால் அந்தச் சட்டையைத் துவைப்பவருக்கும் பங்கு உண்டு. பாதுகாப்புக் கவசத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தூசுக்கென்று செய்த துணி முகமூடி, கரைப்பான் ஆவியைத் தடுப்பதே இல்லை. அதற்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வேண்டும், அதையும் குறித்த மணி நேரத்துக்குப் பின் மாற்ற வேண்டும். ஈரப்பதமான கடலோர வெயிலில் எட்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு மூட்டை தூக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தால் நெஞ்சிலுள்ள தூசு இறங்கிவிடும் என்ற நம்பிக்கை இந்திய ஆலைகளில் பழையது. கரும்பு விளையும் நெல்லிக்குப்பத்துப் பக்கம் இதைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். லக்னோ நச்சியல் ஆய்வு மையத்தில் 1990களில் எலிகளைக் கொண்டு இதைச் சோதித்து, நுரையீரலிலிருந்து தூசுத் துகள்கள் வெளியேறுவதற்கு வெல்லம் ஓரளவு உதவுவதாக எழுதினார்கள். நிலக்கரித் தூசுக்கும் சிலிக்காத் தூசுக்கும் செய்த ஆய்வு அது. இரத்தத்தில் கலந்துவிட்ட பென்சீனை வெல்லம் ஒன்றும் செய்யாது.

சிப்காட் எழும்பிக்கொண்டிருந்த நாள்களில், 1984 டிசம்பர் 2–3 இரவு, போபால் நச்சுவாயுக் கசிவு நிகழ்ந்தது. அதன் விளைவாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான ஆலைகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. ரசாயனத்தோடு பழகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உடல்நலப் பதிவேடு வைக்க வேண்டும், அவர் கேட்டால் காட்ட வேண்டும் என்றது 41சி பிரிவு. பணியிடக் காற்றில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்பதை இரண்டாம் அட்டவணை வரையறுத்தது. புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை, சந்தேகத்துக்குரியவை என்று சிலவற்றுக்கு அடையாளமும் இட்டது. அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலான மூன்றாம் அட்டவணையில் ‘தொழில்சார் புற்றுநோய்’ தனி இனமாக இருந்தது. அப்படி ஒரு நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருந்தார், தவறினால் அபராதம்.

1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் இன்னும் துல்லியமாகப் பேசியது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோயின் நீண்ட உறக்கத்தை அறிந்து எழுதிய தீர்ப்பு இது. ஆனால் கல்நாருக்கு மட்டும் நின்றுவிட்டது. உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் பென்சீன் உடன்படிக்கையை இந்தியா 1991இல் ஏற்றது. தொழில்சார் புற்றுநோய்க்கென்றே 1974இல் வந்த 139ஆம் உடன்படிக்கையை ஏற்கவில்லை.

தாளில் இவ்வளவும் இருக்க, கடலூரில் நடந்த அளவீடுகள் எல்லாம் ஆலைச் சுவருக்கு வெளியே நடந்தன. உப்பனாற்று மீன் செத்து மிதந்ததும், கிணற்று நீர் நிறம் மாறியதும், இரவில் வரும் ‘கேஸ்’ வாடையும் ஊர்களின் நிரந்தரப் புகார்கள். 1998இல் மாநில மனித உரிமை ஆணையம் சிப்காட் பற்றி ஓர் அறிக்கை தந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையிலான மக்கள் தீர்ப்பாயம் 2003இல் விரிவான அறிக்கை வெளியிட்டது.

2004இல் ஊர் மக்களே அளக்கத் தொடங்கினார்கள். சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் பயிற்சி பெற்ற கிராமத்தார், எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தத் திசை, என்ன வாடை என்று நோட்டில் எழுதினார்கள்: அழுகிய முட்டை, அழுகிய பழம், நகப்பூச்சு, எரிந்த எலும்பு. வாடை அடிக்கும் நேரத்தில் காற்றைப் பிடிக்க அவர்களிடம் இருந்த கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. அதனுள்ளே சுத்தமான டெட்லார் பை தொங்கும். பைக்கும் வாளிக்கும் இடையிலுள்ள காற்றைச் சிறு பம்பு உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று தானாகப் பைக்குள் நிறையும். கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே வசித்தவர்கள் 1990களில் பயன்படுத்திய முறை இது. மூடிய பையைக் கலிபோர்னியாவிலுள்ள ஆய்வகத்துக்கே அனுப்பினார்கள், இந்திய ஆய்வகங்களில் இத்தனை பொருள்களை ஒருசேரப் பிரித்துச் சொல்லும் வசதி அன்று அரிது என்பதால். 2004 செப்டம்பரில் வெளியான முடிவில் 22 நச்சுப் பொருள்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அபாயகரக் கழிவுகளுக்கான உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு அதே ஆண்டில் கடலூரைக் கவனித்து, இத்தகைய ஆவிகளுக்குக் காற்றுத் தர அளவுகள் வகுக்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சொன்னது.

2008இல் வெளியே வந்த நாக்பூர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் (நீரி) அறிக்கைதான் கடலூரை நாடறியச் செய்தது. சிப்காட்டைச் சூழ வாழ்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு என்று செய்தித்தாள்கள் எழுதின. இந்த எண் அன்று முதல் இன்று வரை தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. மற்ற ஊரில் ஒரு நோயாளி இருந்தால் குடிகாட்டில் 2,000 பேர் என்று அதற்குப் பொருள் இல்லை. காற்றில் கண்ட வேதிப்பொருளின் அளவை வாழ்நாள் முழுவதும் சுவாசித்தால் கூடுதலாக எத்தனை பேருக்கு நோய் வரலாம் என்று கணிக்கும் முறை இது. இதில் பத்து லட்சத்துக்கு ஒருவர் என்பது ஏற்கத்தக்க எல்லையாக வழக்கத்தில் உள்ளது. அந்த எல்லையின் 2,000 மடங்கு என்றால் ஆயிரம் பேருக்கு இரண்டு பேர். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்த எண்ணிக்கை, பொதுநலக் கணக்கில் மிகப் பெரியது. ஆனால் அது மருத்துவமனையில் எண்ணிய தலைகள் அல்ல. காற்றிலிருந்து போட்ட கணக்கு. ஊர்க் காற்றிலேயே இவ்வளவு என்றால், அதே ஆவி வெளியேறும் மேன்ஹோல் மேல் குனிந்து நிற்பவருக்கு எவ்வளவு என்ற அடுத்த கேள்வி இயல்பாக எழ வேண்டும். அன்று நடந்த விவாதம் ஊர்க் காற்றோடு நின்றது.

2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளி பெற்று, கடுமையாக மாசடைந்த 43 பகுதிகளுள் ஒன்றானது. 2010 ஜனவரியில் புதிய ஆலைகளுக்குத் தற்காலிகத் தடை வந்து, பின்னர் விலகியது. 2009 நவம்பரில் தேசியக் காற்றுத் தர அளவுகள் திருத்தப்பட்டபோது பென்சீன், பென்சோபைரீன், ஆர்சனிக், நிக்கல் நான்கும் புதிதாகச் சேர்ந்தன. குளோரோஃபார்மும் கார்பன் டெட்ராகுளோரைடும் வினைல் குளோரைடும் அந்தப் பட்டியலில் இல்லை.

தமிழ்நாட்டின் மற்றொரு மூலையிலும் இதே போன்ற நிலை உண்டு. ராணிப்பேட்டையில் அரசு சார்ந்த குரோமேட் ஆலை 1970களின் நடுவில் தொடங்கி இருபது ஆண்டுகளில் மூடியது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மலையாகக் கிடந்தது. ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுக்குக் காரணம் என்பது ஜெர்மனியில் 1930களிலும் அமெரிக்காவில் 1948இலும் எழுதப்பட்டுவிட்ட செய்தி. நிலத்தடி நீரில் எவ்வளவு தூரம் குரோமியம் பரவியது என்பதற்கு ராணிப்பேட்டையில் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. உள்ளே வேலை பார்த்தவர்களைப் பற்றிய பேச்சு அவற்றில் மிகக் குறைவு.

தொழிலாளி கணக்கில் வராமல் போவதற்கான காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் ஆளின் பெயர் புதிய பதிவேட்டில் புதிதாகத் தொடங்கும். பத்து ஆண்டு ஒரே கொட்டகையில் நின்றவர், தாளில் நான்கு பேரிடம் சில சில மாதம் வேலை செய்தவர். உடல்நலம் கெட்டவர் தாமாகவே வேலையை விட்டுவிடுவதால், எந்த நாளில் போய்ச் சோதித்தாலும் ஆலைக்குள் இருப்பவர்கள் ஊராரைவிடத் திடகாத்திரமாகவே தெரிவார்கள். தொழிலாளர் நோயியலில் நன்கு தெரிந்த ஏமாற்றம் இது. நோய் வரும் வயதில் அவர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போவதில்லை, புதுச்சேரி ஜிப்மருக்கோ சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கோ போகிறார். நோயாளிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதினால், இருபது ஆண்டு ரசாயன வேலை அந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கிவிடும். புகையிலை, சாராயம், நெய்வேலி அனல்மின் நிலையங்களின் காற்று என்று வேறு காரணங்களும் அதே உடம்பில் இருக்கும். சிறுநீர்ப்பையிலோ நுரையீரலிலோ வரும் கட்டியைப் பார்த்து, இது ஆலையால் வந்தது என்று எந்த நுண்ணோக்கியும் சொல்லாது. பணி வரலாறு ஒன்றுதான் சொல்லும்.

புற்றுநோய்ப் பதிவேடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான பதிவேட்டை நடத்துகிறது. 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தியது. எந்த மாவட்டத்தில் எந்த உறுப்பில் எத்தனை பேருக்கு என்பதை அது சொல்லும். ஆலை வருகைப் பதிவேட்டையும் இதையும் பெயர் வைத்து இணைத்தால், 1954இல் கேஸ் பிரிட்டனில் செய்ததை இங்கேயும் செய்யலாம். ஒரு பக்கம் பதிவேடு வளர்ந்துவருகிறது. மறு பக்கம் காண்ட்ராக்டர் நோட்டுகள் பழைய காகிதக் கடைக்குப் போகின்றன.

இழப்பீடு கேட்பதிலும் இதே சிக்கல். வேலையில் இருக்கும்போது பட்டியலிட்ட நோய் வந்தால், அது வேலையால் வந்ததாகவே சட்டம் கொள்ளும். முதலாளி மறுத்தால் அவர்தான் நிறுவ வேண்டும். வேலையை விட்டபின் வந்தால், வேலையால்தான் வந்தது என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டும். சிறுநீர்ப்பை, சிறுநீரகம் ஆகியவற்றின் உட்படலத்தில் வரும் புற்று அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது வருவது பெரும்பாலும் வேலையை விட்ட பிறகு.

விபத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 2021 மே 13 காலை, குடிகாட்டுப் பகுதியிலுள்ள பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த வெடிப்பிலும் தீயிலும் 4 பேர் இறந்தார்கள். பலர் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அன்றே பெயர், வயது, ஊர் எல்லாம் வெளிவந்தன. நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது.

2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலும் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் மூன்றாம் அட்டவணையாகவே தொடர்கிறது. தொழில்சார் புற்றுநோயும் அதில் இருக்கிறது. 40 வயதைக் கடந்த தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்பது புதிது. பரிசோதனை வேலையில் இருப்பவர்களுக்கு. சிப்காட்டின் தொடக்க நாள்களில், 1985 வாக்கில் 20 வயதில் உள்ளே போனவர்களுக்கு இப்போது 60 வயது ஆகிவிட்டது.